ஆட்டம் எங்கே இருக்கிறது?

என் மேசை இழுப்பறையில், பழைய மைக்ரோமீட்டர் ஒன்றின் காலிப் பெட்டிக்குள், ஒரு டைட்டானியத் திருகு கிடக்கிறது. அதன் நீளம் 10 மி.மீ. மேலே ஒரு மி.மீ. அளவுக்கு மழமழப்பான கழுத்து, அதற்குக் கீழே 11 மரைகள். பிட்ச் கேஜை வைத்துப் பார்த்ததில் மரைக்கு மரை 0.8 மி.மீ. இருந்தது. ஏறக்குறைய ஏழரை ஆண்டுகள் என் கீழ்த்தாடை எலும்புக்குள் பல்லுக்கு வேராக இருந்துவிட்டு, 2024 ஜனவரியில் அது வெளியே வந்தது. கிருமி நீக்கிச் சிறு பையில் போட்டுக் கொடுத்தார்கள். கேட்டு வாங்கியவன் நான்தான். முப்பத்தொரு ஆண்டுகள் கோயம்புத்தூரில் பம்ப்செட் உதிரிபாகங்கள் கடையும் பட்டறையில் லேத் பக்கத்திலேயே நின்றவனுக்கு, தன் உடம்பிலிருந்து கழற்றிய உதிரிபாகத்தைக் குப்பைத்தொட்டியில் போட மனம் வருமா?

பூதக்கண்ணாடியில் பார்த்தால் அந்தத் திருகே தன் கதையைச் சொல்லிவிடுகிறது. மேலிருந்து ஐந்து மரை வரைக்கும் எலும்பின் சுவடே இல்லை, பழுப்பு நிறத்தில் பற்காறைதான் படிந்திருக்கிறது. அதற்குக் கீழே, மரைகளின் பள்ளங்களில், எலும்பு இன்னும் வெள்ளையாக அப்பிக்கொண்டிருக்கிறது. கழற்றிய நாள் வரைக்கும் கீழ்ப்பாதி தன் பிடியை விடவே இல்லை என்பதும், ஆகவே அந்தப் பல் கடைசி நாள்வரை ஒரு முடியளவுகூட ஆடவில்லை என்பதும்தான் இதன் பொருள். ஆடவில்லை என்ற ஒரே காரணத்தால் நன்றாக இருக்கிறது என்று நம்பி இரண்டு ஆண்டுகளை வீணாக்கினேன். இம்பிளான்ட் என்கிற இந்தப் பதித்த பல் எப்படிக் கெட்டுப்போகிறது, கெட்டுப்போவது எப்படித் தெரியும், ஏன் பல நேரங்களில் தெரிவதில்லை என்பதை, பட்டுத் தெரிந்துகொண்டவனாக இங்கே எழுதிவைக்கிறேன். நான் மருத்துவன் அல்லன் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

வலப்பக்கக் கீழ்க்கடைவாய்ப்பல்லில் வேர் சிகிச்சை செய்து, கேப் என்ற மேலுறை போட்டு, சில ஆண்டுகள் ஓட்டினேன். 2015இல் அது நெடுக விரிசல் விட்டு எடுக்கவேண்டியதாயிற்று. 2016 ஆகஸ்டில் அந்த இடத்தில் இம்பிளான்ட் பதித்தார்கள். 2017 ஜனவரியில் அதன்மேல் கேப் ஏறியது. இம்பிளான்ட் என்பது ஒற்றைப் பொருள் அல்ல என்பதை இங்கே சொல்லிவிடவேண்டும், பின்னால் வருவதெல்லாம் இதைப் பொறுத்தது. எலும்புக்குள் இறங்குவது திருகு. அதன் தலைக்குள் இன்னொரு குட்டித் திருகாணியால் பூட்டப்படுவது அபட்மென்ட் என்ற நடுத்துண்டு. அந்த நடுத்துண்டின்மேல் சிமென்ட் வைத்து ஒட்டப்படுவதோ, திருகாணியாலேயே பிடிக்கப்படுவதோ கேப். ஆக, மூன்று இணைப்புகள். கேப்புக்கும் நடுத்துண்டுக்கும் ஒன்று, நடுத்துண்டுக்கும் திருகுக்கும் ஒன்று, திருகுக்கும் எலும்புக்கும் ஒன்று. பட்டறையில் ஒரு ஷாஃப்ட் ஆடினால் நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி, ஆட்டம் பேரிங்கிலா, கப்ளிங்கிலா, ஃபவுண்டேஷன் போல்ட்டிலா என்பதுதான். இங்கும் அதே கேள்வி.

2019 மார்ச்சில் ஒரு காலை, இட்லியை மென்றுகொண்டிருந்தபோது அந்தப் பல் அசைந்தது. நாக்கால் தள்ளினால் உள்ளே வெளியே போய்வந்தது. போட்ட பணமெல்லாம் போயிற்று என்ற கலக்கத்தோடு, அதைப் பதித்த மருத்துவரிடமே ஓடினேன். அவர் ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். எலும்பில் இருக்கும் திருகு அசையவில்லை, நடுத்துண்டைப் பூட்டியிருக்கும் குட்டித் திருகாணிதான் தளர்ந்திருக்கிறது என்றார். என் கேப் சிமென்ட் வைத்து ஒட்டியது என்பதால் அதன் உச்சியில் ஒரு துளை போட்டு, உள்ளே திருகாணியைத் தேடிப்பிடித்து, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் 35 நியூட்டன் சென்டிமீட்டருக்கு இறுக்கினார். எம்6 என்ற 6 மி.மீ. போல்ட்டுக்கு நாங்கள் கொடுப்பது சுமார் 10 நியூட்டன் மீட்டர். இது அதில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. பத்து நிமிடம் காத்திருந்து மறுபடியும் அதே அளவுக்கு இறுக்கினார். அது ஏன் என்று அவர் விளக்கத் தொடங்கியபோது எனக்குத் தேவைப்படவில்லை. புதிதாக இறுக்கிய மரைகளின் முகங்கள் ஒன்றோடொன்று அமர்ந்து கொடுக்கும்போது இறுக்கத்தில் கொஞ்சம் குறைந்துவிடும் என்பது, சிலிண்டர் ஹெட் கழற்றி மாட்டிய எவனுக்கும் தெரிந்த சங்கதி.

அன்று நான் கற்றது பாதிப் பாடம். ஆட்டம் வந்தால் உடனே ஓடவேண்டும், பெரும்பாலும் அது திருகாணித் தளர்வாக இருக்கும், இறுக்கினால் சரியாகிவிடும் என்பது உண்மைதான். தளர்ந்த திருகாணியோடு மென்றுகொண்டே இருந்தால் அது உடைந்து உள்ளேயே தங்கிவிடும். அதை எடுப்பது, உடைந்த ஸ்டட்டைத் துளைக்குள்ளிருந்து எடுப்பது போன்ற வேலை, அதுவும் வாய்க்குள். ஆனால் அந்தப் பாடத்தைத் திருப்பிப் போட்டு, ஆட்டம் இல்லாதவரைக்கும் ஒன்றும் இல்லை என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன். அப்படி யாரும் எனக்குச் சொல்லவில்லை.

எலும்பும் டைட்டானியமும் எப்படிச் சேர்கின்றன என்று அப்போதே படித்திருந்தால் அந்த முடிவுக்கு வந்திருக்கமாட்டேன். ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் பெர்-இங்வார் பிரோனெமார்க், 1952இல் முயல்களின் கால் எலும்பில் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காக டைட்டானியத்தால் செய்த, உள்ளே பார்க்கக்கூடிய சிறு கூடு ஒன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்ததும் அதைக் கழற்றி மறுபடி பயன்படுத்தலாம் என்று பார்த்தால் கழற்ற வரவில்லை, எலும்பு அதைத் தன்னோடு இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தத் தொல்லையிலிருந்துதான் இந்த வைத்திய முறையே பிறந்தது. 1965இல் யோஸ்டா லார்சன் என்ற நோயாளியின் தாடையில் அவர் முதன்முதலாகப் பல்லுக்காக டைட்டானியத் திருகுகளைப் பதித்தார். 2006இல் லார்சன் இறக்கும்போதும் அவை வேலை செய்துகொண்டிருந்தன. நடுவில் எந்தத் திசுவும் இல்லாமல் உயிருள்ள எலும்பு நேரடியாக உலோகத்தின்மேல் வளர்ந்து ஒட்டுகிறது என்பதே இதன் அடிப்படை. ஒட்டுவதற்கு முன்பே கெட்டுப்போவது ஒரு வகை, ஒட்டிய பின் ஆண்டுகள் கழித்துக் கெட்டுப்போவது வேறு வகை. இரண்டையும் இம்பிளான்ட் ஃபெயிலியர் என்ற ஒரே சொல்லால் சொல்கிறார்கள். இரண்டின் காரணங்களும் வேறு, அடையாளங்களும் வேறு.

முதல் வகையை என் மனைவியின் தம்பியிடம் பார்த்தேன். அவன் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறான். ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட் இல்லாமல் அந்தக் கம்பெனி ஓடாது என்பது அவன் நம்பிக்கை. 2021இல் மேல்தாடையில் ஒன்று பதித்துக்கொண்டான். இரண்டாவது மாதம், மேல்மூடியைக் கழற்றி அடுத்த கட்ட வேலைக்கு அளவெடுக்கப் போன நாளில், என்னைத் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, மூடியத் திருப்புனா அடியில இருக்கற ஸ்க்ரூவும் கூடவே சுத்துதுங்க. வலி உசுரு போகுது" என்றான். அந்த ஒரு வாக்கியத்தில் இந்த வகைத் தோல்வியின் அடையாளங்கள் எல்லாமே அடங்கியிருந்தன. எலும்போடு ஒட்டிய திருகு சுழலாது. ஒட்டிய திருகைத் தட்டினாலும் திருப்பினாலும் வலிக்காது. எலும்புக்குப் பதிலாகச் சுற்றிலும் மெத்தென்ற நார்த்திசு வளர்ந்திருந்தால்தான் அது சுழலும், அப்போதுதான் வலிக்கும். எக்ஸ்ரேயில் திருகைச் சுற்றி, பென்சிலால் கோடிழுத்தது போல, மெல்லிய கரிய வரை ஒன்று தெரிந்ததாம். மருத்துவர் அதை விரலாலேயே திருகி வெளியே எடுத்துவிட்டார்.

இப்படி ஆவதற்கான காரணங்களைப் படித்தபோது, பட்டறையில் பார்த்தவையே வேறு உருவில் இருந்தன. எலும்பைத் துளைக்கும்போது 47 டிகிரி செல்சியஸ் சூடு ஒரு நிமிடம் நிலைத்தால் போதும், துளையின் ஓரத்து எலும்பு பாதிக்கப்படுகிறது என்று 1980களிலேயே சோதித்துக் கண்டிருக்கிறார்கள். நாங்கள் இரும்பில் நீல நிறம் ஏறும்வரை ட்ரில்லை விரட்டிய நாட்கள் உண்டு. எலும்போ வெந்நீர்ச் சூட்டுக்கே செத்துப்போகிறது. ஆகவேதான் துளைக்கும்போது உப்புநீரைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கிறார்கள், நம் கூலன்ட் போல. மழுங்கிய ட்ரில் அங்கும் எதிரிதான். அடுத்தது அசைவு. திருகு ஒட்டிக்கொண்டிருக்கும் வாரங்களில் அது சுமார் 150 மைக்ரானுக்கு மேல் அசைந்தால், அதாவது ஒரு தலைமுடியின் பருமனைப்போல இரண்டு மடங்கு அசைந்தால், எலும்புக்குப் பதில் நார்த்திசு வளரத் தொடங்கிவிடுகிறது. இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. பதித்த அன்று இருக்கும் பிடி, வெறும் மரையின் பிடி. அந்த மரை அழுத்திக்கொண்டிருக்கும் பழைய எலும்பை உடம்பு முதலில் கரைக்கிறது, பிறகுதான் புதிய எலும்பைக் கட்டுகிறது. ஆகையால் மூன்று நான்கு வாரங்களில் பிடி முதல் நாளைவிடக் குறைந்து, பிறகே ஏறுகிறது. வலி போய்விட்டது, வீக்கம் வடிந்துவிட்டது, இனி முறுக்கு கடிக்கலாம் என்று நமக்குத் தோன்றும் அதே நாட்களில்தான் திருகு மிகவும் பலவீனமாக இருக்கிறது. இவற்றோடு கிருமித்தொற்று, ரத்த ஓட்டத்தைச் சுருக்கும் புகை, கட்டுப்படாத சர்க்கரை, அந்தப் பகுதிக்கு முன்பு கொடுத்த கதிர்வீச்சு எல்லாம் சேர்கின்றன. என் மைத்துனனுக்கு இவற்றில் எது காரணம் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சிகரெட்டை மட்டும் எல்லோரும் சொன்னார்கள், அவனைத் தவிர.

இந்த முதல் வகைத் தோல்வி நேர்மையானது என்பேன். வலிக்கிறது, ஆடுகிறது, கையோடு வந்துவிடுகிறது. சில மாதங்கள் பொறுத்து வேறொன்று பதிக்கலாம், எலும்பும் பெரிதாகச் சேதப்படுவதில்லை. பதித்த உடனேயே தெரியும் இன்னொரு கோளாறும் உண்டு, அதற்கு மட்டும் ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது. கீழ்த்தாடையில் பதித்த பிறகு, ஊசியின் மரப்பு விலகவேண்டிய நேரம் கடந்தும் கீழுதடும் மோவாயும் மரத்தே இருந்தால், திருகு நரம்பைத் தொட்டிருக்கலாம். அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடவேண்டும்.

எனக்கு வந்தது இரண்டாவது வகை. அது நேர்மையானது அல்ல.

2021இலேயே, பல் துலக்கும்போது அந்தப் பல்லின் ஓரத்தில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. எச்சிலில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு, அவ்வளவுதான். பிரஷ்ஷை மாற்றினேன். அதே சமயத்தில் அதற்கு முன்னால் இருக்கும் பல்லுக்கும் அதற்கும் நடுவே கீரை நார், மாம்பழ நார் எல்லாம் சிக்கத் தொடங்கின. (இது ஒன்றை வைத்துப் பயப்படவேண்டியதில்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். இயற்கையான பற்கள் வாழ்நாள் முழுதும் மெல்ல முன்னோக்கி நகர்கின்றன, இம்பிளான்ட் நகர்வதில்லை, ஆகவே சில ஆண்டுகளில் நடுவே இடைவெளி விழுவது பலருக்கும் நடப்பது. ஆனால் சிக்கியதை எடுக்காமல் விடுவது வேறு கதை.) 2023 தொடக்கத்திலிருந்து என் மனைவி, என் வாயில் ஏதோ நாற்றம் அடிப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வெங்காயத்தைக் காரணம் காட்டினேன். ஆகஸ்டில் ஒரு காலை, ஈறை விரலால் அழுத்தியபோது கேப்பின் ஓரத்திலிருந்து வெள்ளையாக ஒரு சொட்டு எழுந்துவந்தது. உப்புக் கரித்தது. கண்ணாடியில் மறுபடி அழுத்திப் பார்த்தேன், மறுபடியும் வந்தது. அப்போதும் துளி வலி கிடையாது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கொடுத்துப் பல்லை ஆட்டிப் பார்த்தேன். பாறை போல நின்றது. அதனால் மருத்துவரிடம் போக மேலும் மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது.

எனக்குப் பதித்த மருத்துவர் கிளினிக்கை மூடிவிட்டு வெளிநாடு போயிருந்தார். வேறொரு மருத்துவமனையில், என் மகள் வயதுள்ள ஒரு மருத்துவர் பார்த்தார். நுனியில் மி.மீ. கோடுகள் போட்ட மெல்லிய கம்பியை, எடையே இல்லாததுபோலப் பிடித்து, ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இறக்கி, பல்லைச் சுற்றி ஆறு இடங்களில் ஆழம் பார்த்தார். உதவியாளரிடம் அவர் சொல்லிக்கொண்டே போன எண்கள் எனக்கும் கேட்டன: ஐந்து, ஏழு, எட்டு, ஐந்து, ஏழு, ஏழு. ஒவ்வோர் இடத்திலும் ரத்தம் வந்தது.

"வலிக்குதுங்களா சார்?" என்று கேட்டார்.

"இல்லீங்க டாக்டர். ஆடவும் இல்லீங்க, நல்லாத்தான் இருக்குது" என்றேன்.

"அதுதான் சார் பிரச்சினையே" என்றார்.

எக்ஸ்ரே திரையில் வந்தது. திருகின் இரு பக்கமும் எலும்பு, கிண்ணம் வைத்துத் தோண்டியது போலக் கரைந்திருந்தது. ஐந்து மரைகள் எலும்புக்கு வெளியே நின்றன. நிலத்தில் பாதி மட்டும் புதைந்திருக்கும் ஆழ்துளைக் குழாய் போல இருந்தது அது. திருகைச் சுற்றிக் கரிய வரை எதுவும் இல்லை, கீழ்ப்பாதி எலும்போடு எலும்பாக இருந்தது.

வலி ஏன் இல்லை என்பதை அவர் ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினார். இயற்கைப் பல்லுக்குள் நரம்பு இருக்கிறது, இம்பிளான்ட்டுக்குள் இல்லை என்பது எனக்கும் தெரிந்ததுதான். தெரியாதது வேருக்கும் எலும்புக்கும் இடையே இருக்கும் நார்ப்படலம். இயற்கைப் பல் அந்தப் படலத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. கடிக்கும்போது 25 முதல் 100 மைக்ரான் வரை அழுந்திக் கொடுக்கிறது. ஒரு மணல் துகளைக் கடித்தாலும் உடனே மூளைக்குச் சொல்கிறது. கப்ளிங்கில் ரப்பர் புஷ் போடுகிறோமே, ஏறக்குறைய அதேதான். இம்பிளான்ட்டுக்குப் புஷ் இல்லை, உலோகம் நேராக எலும்பில் நிற்கிறது, கடித்தால் 3 முதல் 5 மைக்ரான்தான் அசையும். படலம் இல்லை என்பதால் அது அனுப்பும் செய்தியும் இல்லை. இன்னொன்றும் சொன்னார். இயற்கைப் பல்லின் கழுத்தில் ஈறின் நார்கள் வேருக்குள் குறுக்காக ஊன்றிக் கோட்டை வேலி போல நிற்கின்றன; இம்பிளான்ட்டின் கழுத்தில் அவை உலோகத்துக்குள் ஊன்ற முடியாமல் அதை ஒட்டி நெடுக்காகச் செல்கின்றன. கிருமி உள்ளே இறங்கினால் தடுக்க அங்கே அதிகமாக ஒன்றும் இல்லை. இயற்கைப் பல்லில் பல ஆண்டுகள் எடுக்கும் ஈறுநோய், இங்கே விரைவாக எலும்பை எட்டிவிடுகிறது.

இதற்குப் பெயர் பெரி-இம்பிளான்டைட்டிஸ். அதற்கு முந்தைய படிக்கு மியூக்கோசைட்டிஸ் என்று பெயர்: ஈறு மட்டும் அழன்றிருக்கும், துலக்கினால் ரத்தம் வரும், எலும்பு கரைந்திருக்காது. அந்தப் படியில் நன்றாகச் சுத்தம் செய்தால் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். 2021இல் நான் பிரஷ்ஷை மாற்றியபோது ஒருவேளை அந்தப் படியில் இருந்திருப்பேன்.

ஒருவேளை என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மருத்துவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, கேப் போட்ட அன்று எடுத்த எக்ஸ்ரே இருக்கிறதா என்பதுதான். இல்லை. 2019இல் எடுத்ததும் இல்லை. எந்தக் கம்பெனித் திருகு என்று எழுதிய அட்டையும் இல்லை. கிளினிக்கோடு எல்லாம் போயிற்று. பதித்த முதல் ஆண்டில் எலும்பு தன்னைச் சரிசெய்துகொள்ளும்போது கொஞ்சம் இறங்குவது இயல்பு. முதல் ஆண்டில் ஒன்றரை மி.மீ. வரை, அதன்பின் ஆண்டுக்கு 0.2 மி.மீ.க்குள் என்பது 1980களிலிருந்து புழங்கும் பழைய அளவுகோல். தேய்மானத்துக்கு இவ்வளவு என்று நாங்கள் வரைபடத்தில் எழுதிவைப்பது போன்றது. ஆனால் எங்கிருந்து இறங்கியது என்று தெரியாமல் எவ்வளவு இறங்கியது என்று எப்படிச் சொல்வது? 2017இல் அமெரிக்க, ஐரோப்பிய ஈறுநோய் மருத்துவ அமைப்புகள் சிகாகோவில் கூடி இந்த நோய்க்கு வகுத்த இலக்கணமும் ஒப்பீட்டைத்தான் கேட்கிறது: மெல்லத் தொட்டால் ரத்தமோ சீழோ வரவேண்டும், ஆழம் முன்பைவிடக் கூடியிருக்கவேண்டும், எலும்பு தொடக்கநிலை இறக்கத்தைத் தாண்டிக் கரைந்திருக்கவேண்டும். பழைய பதிவே இல்லாத என்னைப் போன்றவர்களுக்காக வேறோர் அளவு வைத்திருக்கிறார்கள்: ரத்தத்தோடு 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் ஆழமும், எலும்பு 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் இறங்கியிருப்பதும். அதாவது பதிவு இல்லாதவனுக்கு நோய் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லவே அது கணிசமான தூரம் போயிருக்கவேண்டும். எனக்கு ஆழம் எட்டு, எலும்பு ஐந்து மி.மீ. இறங்கியிருந்தது, ஐயத்துக்கு இடமே இல்லை.

என்னைக் கோபப்படுத்தியது இதுதான். எங்கள் பட்டறையில் ஐந்து குதிரைத்திறன் மோட்டாருக்குக்கூட ஹிஸ்டரி கார்டு உண்டு. எப்போது வாங்கியது, எந்த பேரிங், எந்த மாதம் எவ்வளவு அதிர்வு என்று எல்லாம் அதில் இருக்கும். என் சொந்த எலும்பில் பதித்த உதிரிபாகத்துக்குக் கார்டு இல்லை. அதைக் கேட்டு வாங்காததில் பாதிப் பிழை என்னுடையது. மீதிப் பாதியை, கேட்காதவனுக்குக் கொடுக்கவேண்டியதில்லை என்று நினைக்கும் வழக்கத்தின்மேல் போடுகிறேன். திருகு எந்தக் கம்பெனி என்று தெரியாவிட்டால் அதற்குப் பொருந்தும் சாவியைத் தேடுவதிலிருந்தே வேலை தொடங்குகிறது. ஒவ்வொரு கம்பெனியின் தலையும் வேறு வடிவம்.

ஏன் வந்தது என்பதற்கு மூன்று விடைகள் கிடைத்தன. ஈறைத் திறந்தபோது, கேப்பின் விளிம்புக்குக் கீழே பழைய சிமென்ட் ஒரு பிறைபோல ஒட்டியிருந்தது. 2017இல் கேப்பை ஒட்டும்போது பிதுங்கி வெளியே வந்து, துடைக்கப்படாமல் ஈறுக்கடியில் தங்கிவிட்டது. சொரசொரப்பான அந்தப் பிறையில் கிருமிகள் குடியேறி நோயாக வெளிப்படப் பல ஆண்டுகள்கூட ஆகலாம் என்றார் மருத்துவர். இரண்டாவது, என் சர்க்கரை. 2012இலிருந்து இருக்கிறது, இந்தப் பல்லுக்காக எடுத்துப் பார்த்த மூன்று மாதச் சராசரி (HbA1c) 8.9 சதவீதம். மூன்றாவது, 2020 ஊரடங்கில் நின்றுபோன ஆண்டுப் பரிசோதனையை நான் மறுபடி தொடங்கவே இல்லை. இந்த மூன்றில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் தப்பித்திருப்பேனோ என்று இப்போதும் யோசிப்பதுண்டு. இதற்கு முன் ஈறுநோயால் பல் இழந்தவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் இது வரும் வாய்ப்பு கூடுதல் என்கிறார்கள். நான் அந்த இரண்டு வரிசையிலும் இல்லை.

எடுக்கலாமா, காப்பாற்றலாமா என்ற பேச்சு நான்கு மாதம் நீண்டது. முதலில் கேப்பைக் கழற்றி, சிமென்ட்டைச் சுரண்டி, மரைகளைச் சுத்தம் செய்து, இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தார்கள். ஆனால் மரை என்பது பிடிப்பதற்காகச் செய்யப்பட்டது. அதன் மேல்பரப்பை எலும்பு பற்றிக்கொள்ளவேண்டும் என்பதற்காகவே சொரசொரப்பாக்கி வைத்திருக்கிறார்கள். எலும்பு விலகியபின் அதே சொரசொரப்பைக் கிருமி பற்றிக்கொள்கிறது. துருப்பிடித்த மரையைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்தவர்களுக்குத் தெரியும், முகடு பளபளக்கும், பள்ளம் அப்படியே இருக்கும். சர்க்கரை 7.1க்கு இறங்கியும் சீழ் நிற்கவில்லை. பாதி எலும்பு போய்விட்டது, இன்னும் வைத்திருந்தால் மீதியும் போய், அடுத்ததைப் பதிக்க இடமே இருக்காது என்று மருத்துவர் சொன்னபோது ஒப்புக்கொண்டேன்.

2024 ஜனவரியில் கழற்றிய அன்று நடந்ததை மறக்கமுடியாது. திருகின் தலைக்குள் எதிர்த்திசையில் திருப்பும் கருவியைப் பொருத்தி, ரென்ச்சைப் பிடித்து அழுத்தினார். அசையவில்லை. உதவியாளர் என் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். மறுபடி அழுத்தினார். நட்டு துருவோடு விடுபடும்போது கேட்குமே ஒரு 'டிக்', அது என் மண்டைக்குள் கேட்டது. பிறகு கால் சுற்று, அரைச் சுற்று, அதன்பின் சுலபமாக வந்துவிட்டது. பிரோனெமார்க்கின் முயலை நினைத்துக்கொண்டேன். ஐந்து மரை சீழில் நின்றிருந்த ஒரு திருகைக் கழற்ற அவ்வளவு விசை தேவைப்பட்டது. அதை ஆட்டிப்பார்த்துத்தான் நான் நல்ல பல் என்று இரண்டு ஆண்டுகள் தீர்ப்புச் சொல்லிவந்தேன். இரண்டாம் வகைத் தோல்வியில் பல் ஆடத் தொடங்குவது, கடைசி மரைக்கும் எலும்பு போனபிறகு. அதாவது ஆட்டம் அங்கே முதல் அடையாளம் அல்ல, கடைசி அடையாளம்.

தட்டிப்பார்த்தால் தெரியாதா என்று மருத்துவரிடம் கேட்டேன். கிரைண்டிங் வீலை மாட்டுவதற்கு முன் தொங்கவிட்டுத் தட்டிப் பார்ப்போம். கணீரென்றால் நல்லது, மொத்தென்றால் உள்ளே விரிசல். இம்பிளான்ட்டையும் கருவியின் பிடியால் தட்டினால், ஒட்டியது கணீரென்றும் ஒட்டாதது மந்தமாகவும் ஒலிக்கும் என்றார். அதிர்வை அளந்து ஒன்று முதல் நூறு வரை ஓர் எண்ணாகச் சொல்லும் கருவிகூட வைத்திருந்தார். ஆனால் பாதி ஒட்டியிருந்தாலும் ஒலி கணீரென்றே இருக்கும். விரிசலைப் பிடிக்கும் சோதனையால் அரிப்பைப் பிடிக்கமுடியாது. கம்பியும் எக்ஸ்ரேயும்தான் வழி, அதுவும் பழையதோடு ஒப்பிட்டால்தான்.

அவிநாசி சாலையில் போகும்போது பல் விளம்பரப் பலகைகளில் 98 சதவீதம், 99 சதவீதம், ஆயுள் உத்தரவாதம் என்றெல்லாம் கண்ணில் படுகிறது. ஆய்வுகளிலும், பத்தாண்டு கழித்து நூற்றில் தொண்ணூறுக்கு மேல் இம்பிளான்ட்டுகள் வாயில் இருக்கின்றன என்றே வருகிறது, பொய்யில்லை. ஆனால் அந்தக் கணக்கு 'இருக்கிறது' என்பதைத்தான் எண்ணுகிறது, 'நன்றாக இருக்கிறது' என்பதை அல்ல. 2023 டிசம்பரில் என்னை யாராவது கணக்கெடுத்திருந்தால், சீழ் வடிந்துகொண்டிருந்த என் பல்லும் வெற்றிப் பட்டியலில்தான் சேர்ந்திருக்கும்.

எடுத்த இடத்தில் எலும்புத் தூள் வைத்து மூடினார்கள். அதே இடத்தில் இரண்டாவது முறை பதிப்பது முதல் முறை அளவுக்கு நிலைக்காது என்று மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார். பக்கத்துப் பற்களைச் சீவிப் பாலம் போடலாம், ஒன்றும் செய்யாமலும் விடலாம் என்றார். என் மைத்துனன் இரண்டாவது வழியைத்தான் எடுத்தான், இன்றும் ஓட்டைப் பல்லோடு நன்றாகத்தான் சிரிக்கிறான். எனக்கு நல்ல பற்களைச் சீவ மனமில்லை. எட்டு மாதம் பொறுத்து, 2024 செப்டம்பரில் மறுபடி பதித்துக்கொண்டேன். இம்முறை கேப், சிமென்ட் இல்லாமல் திருகாணியால் பிடிப்பது. 2025 ஜனவரியில் கேப் ஏறிய அன்று, நாற்காலியிலிருந்து இறங்குவதற்கு முன்பே எக்ஸ்ரே கேட்டேன். அவர்கள் ஏற்கெனவே எடுத்து அச்சிட்டு வைத்திருந்தார்கள்.

அந்தப் படம் இப்போது எங்கள் பீரோவில், பட்டறையிலிருந்து ஓய்வுபெறும்போது நான் எடுத்துவந்த ஒரு வெற்று ஹிஸ்டரி கார்டோடு இருக்கிறது. மெஷின் பெயர் என்ற இடத்தில் 'வலது கீழ், முதல் கடைவாய்' என்று எழுதியிருக்கிறேன். அதன்கீழ் திருகின் கம்பெனி, விட்டம், நீளம், பதித்த தேதி, இறுக்கிய அளவு. ஜூலையில் முதல் பரிசோதனைக்குப் போனபோது மருத்துவர் ஆறு இடத்திலும் அளந்து சொல்ல, நானே எழுதிக்கொண்டேன்: மூன்று, இரண்டு, மூன்று, மூன்று, மூன்று, நான்கு. நான்கு வந்த இடத்தில் மட்டும், கம்பியை எடுத்தபின், ஊசிமுனை அளவுக்கு ரத்தம் தெரிந்தது. இந்த ஆழம் இம்பிளான்ட்டுக்கு இயல்பானதுதான், ஆனால் ரத்தம் வந்த மூலையில் இடைப்பல் பிரஷ் போகவில்லை போலிருக்கிறது, அடுத்த முறை மறுபடி பார்ப்போம் என்றார். அந்த எண்ணைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வரும் வழியில் மருந்துக்கடையில் நின்று, சிறிய அளவில் ஒரு பிரஷ் பாக்கெட் வாங்கினேன்.